பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிராப்லைன்: லைசென்ஸ் எடுப்பதிலிருந்து லைன் பதிவது வரை

டிராப்லைன் என்றதும் ஏதோ ஒரு கோடு என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வரைபடத்தில் அது ஒரு பரப்பு. ஒரு மலைச்சரிவு, இரண்டு மூன்று ஓடைகள், ஏரியின் ஒரு கரை, நடுவில் சதுப்பு, இதெல்லாம் சேர்ந்து எல்லை வகுத்த காடு. அந்த எல்லைக்குள் இருக்கும் அரசு நிலத்தில் ஃபர் (மயிர்த்தோல்) விலங்குகளைப் பொறி வைத்துப் பிடிக்கும் உரிமை, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். லைசென்ஸ் கையில் இருக்கிறது என்பதற்காக வேறொருவர் அங்கே போய் ஒரு கண்ணி வைத்தால் குற்றம்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். லைசென்ஸ் வேறு, லைன் வேறு. லைசென்ஸ் உங்களுக்குப் பொறி வைக்கத் தெரியும் என்பதற்கான சான்று. லைன் எங்கே வைக்கலாம் என்பதற்கான பதிவு. முதலாவது ஒரு வார இறுதியிலும் கொஞ்சம் படிப்பிலும் கிடைத்துவிடும். இரண்டாவதற்குச் சிலர் பல வருடம் காத்திருக்கிறார்கள். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான், சிறைக்குப் போக வேண்டிய குற்றம். மிங்க், நரி, சின்சில்லா தோல்களை இறக்குமதி செய்வதைக்கூட இந்திய அரசு 2017 ஜனவரியில் தடை செய்துவிட்டது. ஆகவே இதைப் படித்துவிட்டு வால்பாறைப் பக்கம் யாரும் கிளம்ப வேண்டாம். இது முழுக்க முழுக்க அந்தக் குளிர்நாட்டு விவகாரம்.

ஏன் பதிவு என்ற ஒன்று வந்தது

கனடாவின் வரலாற்றைப் பீவர் தோலில் எழுதலாம். பீவர் என்பது ஓடையில் அணை கட்டி வாழும் பெரிய கொறிவிலங்கு. ஐரோப்பாவில் ஆண்கள் அணிந்த தொப்பிக்குப் பீவரின் அடிமயிர்தான் மூலப்பொருள். 1670இல் அரச சாசனம் பெற்ற ஃபர் வணிக நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனி, நல்ல பீவர் தோல் ஒன்றையே நாணயம் மாதிரி வைத்துக் கணக்குப் பார்த்தது. இத்தனை தோலுக்கு ஒரு போர்வை, இத்தனை தோலுக்கு ஒரு துப்பாக்கி என்று விலைப்பட்டியல் இருந்தது. ராக்கி மலைகளுக்கு மேற்கே, இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவின் நடுப்பகுதிக்கு, போட்டிக் கம்பெனியான நார்த் வெஸ்ட் கம்பெனிக்காக சைமன் ஃபிரேசர் வந்து சேர்ந்தது 1805இல். 1807இல் அவர் நிறுவிய ஃபோர்ட் ஜார்ஜ்தான் இன்று பிரின்ஸ் ஜார்ஜ் நகரம். வான்கூவரிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய 780 கிலோமீட்டர்.

யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றிருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நான் விட்டுவைத்தால் நாளைக்கு அடுத்தவன் பிடித்துக்கொள்வான் என்று ஓடை ஓடையாகத் துடைத்தெடுத்தார்கள். பொதுக்குளத்து மீனுக்கு நேரும் கதிதான். ஒரு பகுதியை ஒருவர் பொறுப்பில் விட்டால் அடுத்த வருடத்துக்கும் விட்டுவைப்பார் என்ற கணக்கில், 1926இல் மாகாணம் டிராப்லைன் பதிவைக் கொண்டுவந்தது. வட அமெரிக்காவில் இந்த முறைக்கு அதுவே முன்னோடி.

காட்டு நிர்வாகம் என்ற அளவில் அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தக் காடுகள் அதற்கு முன் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கவில்லை. முதற்குடி மக்களின், அதாவது அந்த மண்ணின் பூர்வகுடிகளின், ஒவ்வொரு குடும்பத்துக்கும், குலத்துக்கும் எந்த ஓடை யாருடையது என்பது தலைமுறைகளாகத் தெரியும். வெள்ளைக்காரர் ஒருவர் அரசு அலுவலகத்துக்கு முதலில் போய்த் தன் பெயரைப் பதிந்துகொண்டார். தாத்தா காலத்திலிருந்து அங்கேயே பிடித்துவந்தவர் ஒருநாள் காலையில் தன் காட்டிலேயே அத்துமீறுபவர் ஆனார். எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பல லைன்கள் முதற்குடிக் குடும்பங்களின் பெயரிலும் ஊர்ப்பொதுப் பெயரிலும் பதிவாகி இன்றும் தொடர்கின்றன. ஆனால் நடந்த இடங்களில் அந்தக் காயம் ஆறவில்லை. லைன் வாங்க நினைப்பவர் இதைத் தெரிந்துவைத்திருப்பது வெறும் நாகரிகத்துக்காக அல்ல. பதிவு மாற்றத்தில் அரசு முதற்குடிகளைக் கலந்துபேச வேண்டியிருக்கும். அது உங்கள் விண்ணப்பத்தின் வேகத்தையும் முடிவையும் தொடும்.

முதல் படி: நீங்கள் தகுதியானவரா?

லைனைப் பெயரில் பதிய கனடியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்தவர்களுக்கு அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. மாகாணவாசி என்பதற்கும் ஒரு வரையறை உண்டு. குடிமகனோ நிரந்தரவாசியோ ஆனால், முதன்மை வீடு பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் 6 மாதங்களாவது ஒவ்வொரு மாதத்தின் பெரும்பகுதியையும் மாகாணத்துக்குள் கழித்திருக்க வேண்டும். டொராண்டோவில் குடும்பத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒரு முகவரி மட்டும் காட்டுவது செல்லாது.

மாகாணத்தில் வசிக்கும், கூட்டாட்சிச் சட்டப்படி பதிவுபெற்ற முதற்குடியினருக்கு இந்த லைசென்ஸ் தேவையில்லை. அவர்களுடைய உரிமை சட்டத்துக்கு முந்தியது.

அடுத்து, மாகாண அரசின் மீன் மற்றும் வனவிலங்கு அடையாள எண். வேட்டை, பொறி எல்லாம் இந்த எண்ணின் மேல்தான் ஏறும். இணையத்தில் பதியலாம். கம்ப்யூட்டர் ஒத்துவராவிட்டால் மாகாண அரசின் சேவை மையமான சர்வீஸ் பிசி அலுவலகத்துக்கு நேரில் போகலாம். எளிதான வேலைதான், பயிற்சி வகுப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பயிற்சி வகுப்பு

டிராப்பர் (பொறி வைத்துப் பிடிப்பவர்) கல்வி வகுப்பில் தேறாமல் புதியவருக்கு லைசென்ஸ் கிடையாது. மாகாண டிராப்பர் சங்கத்தின் பயிற்றுநர்கள் நடத்துகிறார்கள். வழக்கமாக மூன்று நாள், கடைசியில் தேர்வு. வருடம் முழுக்க எல்லா ஊரிலும் நடக்காது. இலையுதிர் காலத்தில் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கோடையிலேயே தேதி கேட்டு வைப்பது நல்லது.

மூன்று நாளில் என்ன சொல்லித் தருவார்கள்? பாதி உயிரியல், பாதி கைவேலை. எந்த விலங்கு எங்கே படுக்கும், எப்போது இனம்பெருக்கும், தடம் எப்படி இருக்கும். எந்தப் பொறி எதற்கு, அதை எப்படிப் பாதுகாப்பாக விரிப்பது. இதில் அலட்சியம் கூடாது. பீவருக்கு வைக்கும் 330 அளவுப் பொறி முழங்கையில் பட்டால் எலும்பு நொறுங்கும். தனியாக மாட்டிக்கொண்டால் ஒரு கையால் கயிறு போட்டு எப்படித் திறப்பது என்பதையும் கற்றுத்தருவார்கள். அந்தப் பகுதியில் தூங்கிவிடாதீர்கள். அப்புறம் தோல் உரித்தல். முதல் முறை பீவரின் கொழுப்பை வழிக்கும்போது வரும் வாசனை உடையை விட்டு ஒரு வாரம் போகாது. பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

சைவப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். இந்த மூன்றாவது நாளில் உங்கள் மனசுக்கு ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கட்டிய கட்டணம் போனால் போகட்டும். பனிக்காட்டில், கால் மாட்டிய ஒரு கயோட்டியின் (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு) முன்னால் நின்றுகொண்டு மனசு மாறுவதை விட அது எவ்வளவோ மேல்.

துப்பாக்கி விஷயம் தனி. காலைப் பிடித்து வைக்கும் கிட்டியில் உயிரோடு இருக்கும் விலங்கைச் சட்டென்று முடிக்கச் சிறு ரைஃபிள் பெரும்பாலோரிடம் இருக்கும். அதை வைத்திருக்கக் கூட்டாட்சி அரசின் துப்பாக்கி உரிமம் வேண்டும். அதற்குத் தனிப் பாதுகாப்பு வகுப்பு, தனித் தேர்வு, காவல்துறையின் பின்னணிச் சோதனை. முதல்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் மாதங்கள் ஆகும். இரண்டு வேலையையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் ஒரு சீசன் மிச்சமாகும்.

மூன்றாம் படி: லைசென்ஸ்

தேர்ச்சிச் சான்று உங்கள் அடையாள எண்ணில் ஏறியதும் லைசென்ஸ் வாங்கலாம். கட்டணம் பெரிய தொகை இல்லை. லைசென்ஸ் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. ஜனவரியில் கணக்குப் பார்க்கும் பழக்கத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

லைசென்ஸ் வாங்கும் கையோடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாகாணம் வெளியிடும் வேட்டை, பொறி விதிமுறைத் தொகுப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மண்டலத்தில் எந்த விலங்குக்கு எந்தத் தேதி என்பதெல்லாம் அதில் இருக்கும். நடு ஆண்டில் மாற்றம் வருவதும் உண்டு. ஆகவே சீசனுக்கு முன் இணையத்தில் இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.

நான்காம் படி: எங்கே வைப்பது?

மூன்று வழி இருக்கிறது. சொந்தமாக லைன் பதிந்திருப்பது ஒன்று. வேறொருவரின் பதிவு லைனில் அவருடைய எழுத்துபூர்வ அனுமதியோடு வைப்பது இரண்டாவது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியோடு வைப்பது மூன்றாவது. பதிவு லைன் எல்லைக்குள்ளே ஒரு பண்ணை இருந்தால், லைன்காரரே ஆனாலும் அந்தப் பண்ணைக்காரரிடம் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

என்னிடம் கேட்டால், முதல் இரண்டு குளிர்காலம் இரண்டாவது வழிதான். வயதான டிராப்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். லைன் மட்டும் பெயரில் இருக்கிறது. ஸ்னோமொபைல் எனும் பனிவண்டி ஓட்ட, வழியில் விழுந்த மரம் வெட்ட, கேபினுக்கு விறகு சேர்க்க இளைய கை தேவைப்படுகிறது. வகுப்பு எடுத்த பயிற்றுநரிடம் சொல்லி வையுங்கள், சங்கத்தின் உள்ளூர்க் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே விளம்பரத்தை விட வாய்ச்சொல்லுக்குத்தான் மதிப்பு. அனுமதியை மட்டும் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். தேதி, லைன் எண், கையெழுத்து மூன்றும் உள்ள தாள் எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். வனவிலங்குச் சட்டத்தை அமல்படுத்தும் கன்சர்வேஷன் ஆபீசர் வழியில் நிறுத்திக் கேட்டால் அதைத்தான் நீட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: லைனைப் பெயரில் பதிவது

எல்லா லைன்களின் எல்லையும் மாகாணத்தின் பொது இணைய வரைபடத்தில் இருக்கிறது. டிராப்லைன் அடுக்கை இயக்கினால் மாகாணம் முழுக்க ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரியும். ஒவ்வொன்றுக்கும் டி.ஆர். என்று தொடங்கும் ஓர் எண். அதில் மண்டலம், வனவிலங்கு மேலாண்மைப் பிரிவு, வரிசை எண் எல்லாம் அடங்கியிருக்கும். முதலில் உங்களுக்குப் போக வசதியான பகுதியில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

லைன் கைமாறுவது பெரும்பாலும் விற்பனையில்தான். இருப்பவரிடம் பேசி விலை முடிக்கிறீர்கள். கேபின், பாதை, பொறிகள் எல்லாம் சேர்த்த விலை அது. ஆனால் பணம் கொடுத்ததும் லைன் உங்களுடையதாகிவிடாது. வனவிலங்குச் சட்டப்படி பதிவைத் தருவது மண்டல மேலாளர். மாற்ற விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட்டு மண்டல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், அவர் ஒப்ப வேண்டும். சட்டத்தின் அடிப்படை ஒருவருக்கு ஒரு லைன். கூடுதலாக வேண்டுமானால் அது நிர்வாகத்துக்கு நல்லது என்று மேலாளருக்குத் தோன்ற வேண்டும். சிலபேர் சேர்ந்து கூட்டாகவும் ஒரு லைனை வைத்திருக்கலாம். கிழவர் ஒருவரோடு இரண்டு சீசன் வேலை செய்தவர், பதிவில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிப் பிறகு முழுதாக ஏற்பது வழக்கமான பாதை.

முன்பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, பதிவு நடப்பில் இருக்கிறதா. அடுத்தடுத்து இரண்டு வருடம் லைனைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் பதிவை ரத்துசெய்ய மேலாளருக்கு அதிகாரம் இருக்கிறது. விற்பவர் கடைசியாக எப்போது தோல் விற்றார், ரசீது இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. இரண்டாவது, கேபின். மண்சாலையில் போய் ஒரு பழைய கேபினைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். அது அனுமதிக்குட்பட்ட டிராப்லைன் கேபினா, அளவு விதிக்குள் இருக்கிறதா என்று காகிதத்தில் பார்க்க வேண்டும். கோடை வீடாகப் பயன்படுத்தும் ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். மூன்றாவது, காடு. லைன் பாதி காட்டுத் தீயில் போயிருக்கலாம், அல்லது வருகிற ஐந்து வருடத்தில் வெட்டுக்குப் போகலாம். மரமேறும் சிறு ஃபர் விலங்கான மார்டனுக்கு முதிர்ந்த மரக்காடு வேண்டும். மொட்டை வெட்டு வெட்டிய இடத்தில் அது தங்காது.

இந்த மூன்றாவது விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். டிராப்லைன் நிலப் பட்டா அல்ல. அந்த எல்லைக்குள் ஃபர் விலங்கைப் பிடிக்கும் உரிமை, அவ்வளவுதான். அதே நிலத்தில் மரக் கம்பெனி வெட்டலாம், சுரங்கக்காரர் தோண்டலாம், எரிவாயுக் குழாய் போகலாம், வேட்டைக்காரர் மான் சுடலாம், யாரும் ஸ்னோமொபைலில் சுற்றலாம். வெட்டப்போகும் கம்பெனி லைன்காரருக்குத் தகவல் சொல்வது வழக்கம். தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. முதற்குடிகளின் நிலை இதிலிருந்து வேறு. மாகாணத்தின் வடகிழக்கில், முதற்குடிகள் அரசோடு செய்துகொண்ட 8ஆம் ஒப்பந்தப் பகுதியில் உள்ள புளூபெர்ரி ரிவர் முதற்குடியினர் தொடுத்த வழக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அனுமதித்த தொழில்கள் சேர்ந்து அவர்களின் ஒப்பந்த உரிமையை மீறிவிட்டன என்று மாகாண உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்ப்பளித்தது. வேட்டையும் பொறியும் அந்த உரிமையின் நடுவில் இருந்தன. பதிவு லைன் வைத்திருக்கும் குடியேறியவருக்கு அந்த வலு கிடையாது.

காலியான லைன் அரசிடம் திரும்புவதும் உண்டு. மண்டல அலுவலகத்தில் பெயர் சொல்லி வைத்தால், விண்ணப்பம் கோரும்போது தெரிந்துகொள்ளலாம். அங்கே உங்கள் அனுபவம் பேசும். இரண்டு குளிர்காலம் யாருடனாவது வேலை பார்த்திருந்தால் அதற்கும் இங்கே பயன் உண்டு.

ஆறாம் படி: பொறி, கண்ணி, கிட்டி

எலிக்கிட்டியைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புரியும். மிதித்தால் காலைப் பிடிக்கும் கிட்டி ஒரு வகை. கழுத்தையோ மார்பையோ அடித்து உடனே கொல்லும் சதுரச் சட்டப் பொறி இன்னொன்று. இரண்டாவதை வடிவமைத்தவர் ஃபிராங்க் கோனிபேர் என்ற கனடிய டிராப்பர். காலில் மாட்டிய விலங்குகள் மணிக்கணக்கில் துடித்ததைப் பார்த்துப் பார்த்து, விரைவாகக் கொல்லும் ஒன்றைத் தேடியவர். 1950களின் கடைசியில் அது சந்தைக்கு வந்தது. இன்றும் டிராப்பர்கள் அந்த வகைப் பொறியைக் கோனிபேர் என்றே சொல்கிறார்கள். 120 என்றால் மார்டன், மிங்க். 220 என்றால் ரக்கூன் அளவு. 330 பீவருக்கும் நீர்நாய்க்கும்.

எந்தப் பொறியையும் வாங்கி வைத்துவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கால்கிட்டியைத் தடைசெய்து, அதைப் பயன்படுத்தும் நாடுகளின் ஃபருக்கும் கதவை மூடப் பார்த்தது. அந்த நெருக்கடியில் கனடா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் மூன்றும் 1997இல் மனிதாபிமானப் பொறித் தரம் பற்றிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. கொல்லும் பொறியைச் சோதிக்கும்போது குறைந்தது 12 விலங்கில் 80 சதவீதமாவது குறித்த நேரத்துக்குள் உணர்விழக்க வேண்டும். எர்மின் எனும் சிறு வீசலுக்கு (கீரி போன்ற ஒல்லி விலங்கு) 45 விநாடி, மார்டனுக்கு 120, மற்றவற்றுக்கு 300. பட்டியலில் உள்ள 19 இனங்களில் 12 கனடாவில் உள்ளவை. பீவர், லிங்க்ஸ் எனும் காட்டுப்பூனை, ஓநாய் எல்லாம் அதில் இருக்கின்றன. மிங்கும் சிவப்பு நரியும் இல்லை. ஃபர் இன்ஸ்டிடியூட் ஆஃப் கனடா வெளியிடும் சான்றிதழ் பெற்ற பொறிகளின் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏலத்திலும் பழைய கொட்டகையிலும் மலிவாகக் கிடைக்கும் துருப்பிடித்த கிட்டிகள் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. பல்லுள்ள கிட்டியோ எந்நாளும் சட்டவிரோதம்.

300 விநாடி என்பது ஐந்து நிமிடம். அது நீளம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது. தரம் என்று ஒன்று இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் முன்னேற்றம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வைத்தபின் பார்க்க வேண்டிய கெடு: உயிரோடு பிடித்து வைக்கும் கிட்டி, கண்ணி என்றால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. கொல்லும் பொறி என்றால் 14 நாளுக்கு ஒருமுறையாவது. இது சட்டத்தின் அடித்தரை. கால்கிட்டியைத் தினமும் பார்க்கிறவர்தான் நல்ல டிராப்பர் என்று பெயர் எடுப்பார். குடியிருப்பிலிருந்து 200 மீட்டருக்குள் வைக்கக் கூடாது என்பது பொதுவிதி, சில விலக்குகள் உண்டு. நாய் நடத்திப் போகும் பாதைப் பக்கம் சட்டம் அனுமதித்தாலும் வைக்காதீர்கள். ஒரு வளர்ப்பு நாய் மாட்டினால் அந்த மாவட்டத்து டிராப்பர்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

வைக்கும் கலை லைனில்தான் வரும், இருந்தாலும் ஓரிரு உதாரணம். மார்டனுக்குச் சாய்ந்த கம்பம் ஒன்றை மரத்தில் சாத்தி, அதன் மேல் மரப்பெட்டிக்குள் இரையும் வாயில் 120 பொறியும் வைப்பார்கள். பனி எவ்வளவு ஏறினாலும் பெட்டி மேலேயே இருக்கும், எலி தோலைக் கடிக்காது. பெட்டியின் வாயைச் சிறிதாக்கினால் ஃபிஷர் என்ற பெரிய உறவுக்காரர் நுழைய முடியாது. மாகாணத்தின் உட்பகுதியில் அருகிவிட்ட ஃபிஷருக்கு 2021 முதல் அங்கே சீசன் மூடப்பட்டதால் இந்த வாய் அளவு ரொம்ப முக்கியம். லிங்க்ஸ் பூனை இனம், மூக்கை விடக் கண்ணை நம்பும். ஓர் இறகையோ பளபளக்கும் தகட்டையோ கிளையில் தொங்கவிட்டால் என்னவென்று பார்க்க வரும். பீவருக்குப் பனிக்கட்டியைத் துளைத்து, வளையின் வாய்க்கு நேரே நீருக்கடியில் வைக்க வேண்டும்.

ஏழாம் படி: எத்தனை பிடிப்பது, எப்போது நிறுத்துவது

மாகாணம் விலங்குகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. பீவர், மார்டன், மிங்க், மஸ்க்ராட் எனும் நீர்க்கொறிவிலங்கு, நரி, வீசல் போன்றவை முதல் வகுப்பு. ஒரு லைனுக்குள்ளேயே வாழ்பவை என்பதால் அவற்றின் எண்ணிக்கை கிட்டத்தட்ட லைன்காரர் கையில். லிங்க்ஸ், அதன் உறவான பாப்கேட், வீசல் குடும்பத்துப் பெரிய விலங்கான வோல்வரின், ஃபிஷர், நீர்நாய் இரண்டாம் வகுப்பு. இவை பல லைன்களைக் கடந்து அலையும், ஆகவே அரசும் டிராப்பர்களும் சேர்ந்து கணக்கு வைக்க வேண்டும். ஓநாயும் கயோட்டியும் மூன்றாம் வகுப்பு.

சீசன் தேதிகள் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். மார்டனுக்குப் பெரும்பாலும் நவம்பர் தொடக்கம் முதல் பிப்ரவரி நடு வரை. மயிர் அடர்ந்திருக்கும் காலம் அதுதான், குட்டி வளர்க்கும் காலமும் அல்ல.

ஆனால் சீசன் திறந்திருக்கிறது என்பதற்காகக் கடைசி நாள் வரை பிடிக்க வேண்டும் என்பதில்லை. லிங்க்ஸ் எண்ணிக்கை பனிமுயலைத் தொடர்ந்து ஏறக்குறையப் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இதை உலகத்துக்குக் காட்டியதே ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பழைய தோல் கணக்குப் புத்தகங்கள்தான். முயல் விழுந்த வருடத்தில் லிங்க்ஸைத் தொடாமல் விடுபவரின் லைனில் மூன்று வருடம் கழித்து லிங்க்ஸ் இருக்கும். மார்டனில் பிடிபட்டவற்றின் வயதையும் பாலினத்தையும் பாருங்கள். இளசுகளின் பங்கு குறைந்து, வளர்ந்த பெண் விலங்குகள் அதிகம் மாட்டத் தொடங்கினால் பெட்டிகளை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டிய நேரம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், ஆண், பெண், வயது என்று எழுதி வையுங்கள். பின்னாளில் அந்தக் கேபினை விட அந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

சில இனங்களைப் பிடித்தால் குறித்த காலத்துக்குள் அரசுக்கு அறிக்கை தர வேண்டும், சிலவற்றை நேரில் காட்ட வேண்டும். சீசன் மூடிய விலங்கு தவறி மாட்டினால் மறைக்காதீர்கள். கன்சர்வேஷன் ஆபீசரிடம் சொல்லி ஒப்படைத்தால் அது விபத்து. புதைத்துவிட்டுப் பிடிபட்டால் அது வேறு கதை.

எட்டாம் படி: தோலும் பணமும்

ஊரில் நல்லது நடந்தால் நரி முகத்தில் விழித்தாயா என்று கேட்பார்கள். இங்கே நரி முகத்தில் விழித்தாலும் பெட்ரோல் காசு தேறுமா என்பது சந்தேகம்தான். ஃபர் விலை வருடத்துக்கு வருடம் ஆடும். பல தோல்கள் நெடுநாளாகக் கீழேயே கிடக்கின்றன. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஏல வழியில் வந்த டொராண்டோவின் நார்த் அமெரிக்கன் ஃபர் ஆக்ஷன்ஸ் 2019இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போய் விழுந்தது. ஒன்டாரியோவின் நார்த் பே ஊரில் இயங்கும் ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஏலத்துக்குத் தோல் அனுப்புவது இப்போது வழக்கமான வழி. உள்ளூர் ஃபர் வியாபாரியிடமும் விற்கலாம். எப்படி விற்றாலும் மாகாணத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும். லிங்க்ஸ், பாப்கேட், நீர்நாய், ஓநாய் தோல்கள் கனடாவை விட்டு வெளியே போகச் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னையிலிருக்கும் அத்தைக்கு அன்பளிப்பு என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

விலையைப் பாதி தீர்மானிப்பது உங்கள் கத்தி. பீவரை வயிற்றுப் பக்கம் திறந்து, பலகையில் நீள்வட்டமாக ஆணியடித்துக் காயவைப்பார்கள். மார்டன், மிங்க், நரியை உறை கழற்றுவது போல உரித்து அச்சுப் பலகையில் ஏற்றுவார்கள். கொழுப்பு மிச்சமிருந்தால் தோல் கருகும், அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்தால் சுருங்கும். முதல் வருடத் தோல்களை அனுபவசாலி ஒருவரிடம் காட்டித் திட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். பீவரின் காஸ்டர் சுரப்பியைத் தூக்கி எறியாதீர்கள். வாசனைத் திரவியத்துக்கும் பொறியில் மணம் காட்டவும் அதற்குத் தனி விலை உண்டு.

காட்டில் தனியாக

கைபேசி சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாங்குங்கள். எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். உறைந்த ஏரியில் பனிக்கு அடியில் தண்ணீர் ஏறி நிற்கும். மேலே வெள்ளையாகத் தெரியும், ஸ்னோமொபைல் சகதியில் இறங்கும், மைனஸ் 30இல் நனைந்த கால் விறைக்க அதிக நேரம் ஆகாது. பீவர் வளையைச் சுற்றியும் ஓடை வந்து சேரும் இடத்திலும் ஐஸ் மெலிசாக இருக்கும். நீங்கள் வேலை செய்ய வேண்டியதும் அங்கேதான்.

சீசன் முடிந்த அன்று எல்லாப் பொறியையும் கண்ணியையும் எடுத்துவிட வேண்டும். மார்டன் பெட்டியை மரத்தில் விட்டாலும் அதனுள் இருக்கும் பொறியைக் கழற்றிவிடுங்கள். நவம்பரில் வைத்த எண்ணிக்கையை நோட்டில் பாருங்கள். கையில் உள்ளதில் ஒன்று குறைந்தால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மறுநாள் திரும்பிப் போய்த் தேடி எடுத்து வாருங்கள்.